குறியும் நெறியும்

மனித மனம் விந்தையானது. தனிமையில் செவ்வனே செய்து முடித்த ஒரு காரியத்தைப் பலர் முன்னிலையில் செய்ய முற்படும்போது அதே மனம் தடுமாறுகின்றது. வீட்டிலே பிசகின்றித் தேவாரம் பாடிய பிள்ளை, பண்ணிசைப் போட்டி மேடையில் ஏறியதும் இரண்டாம் அடியை மறந்து விழிக்கின்றது. பத்துத் தடவை செய்து பார்த்த கணக்கு, பரீட்சை மண்டபத்தில் புதிய கணக்காகத் தோன்றுகின்றது. பிள்ளையின் தொண்டையும் மாறவில்லை. கணக்கின் விடையும் மாறவில்லை. அப்படியாயின் மாறியது எது? இவ்வினா பாடசாலைப் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. கருமம் ஆற்றுகின்ற ஒவ்வொருவருக்கும் உரியது. இதனை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களமாக விளங்குவது குறி பார்த்துச் சுடும் விளையாட்டு ஆகும்.

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் இம்மண்ணில் வாழ்வோர் உள்ளத்தில் எழும் நினைவுகள் வேறு. ஆறாத காயங்கள் பல அச்சொல்லோடு ஒட்டியிருக்கின்றன. இங்கு பேசப்படுவது அதுவன்று. 1896 ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்ற ஒரு விளையாட்டைப் பற்றியே இங்கு பேசப்படுகின்றது. இதில் சுடுபவருக்கு எதிரே உயிர் எதுவும் இல்லை. வட்டங்கள் வரைந்த ஓர் இலக்கு மாத்திரமே உண்டு. அவர் வெல்ல வேண்டிய எதிரி பக்கத்தில் நிற்கும் போட்டியாளரும் அல்லர். அவ்வெதிரி அவரது நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே இருக்கின்றார்.

உடலை ஆளும் கலை

பத்து மீற்றர் காற்றழுத்த ரைபிள் போட்டியில் நடுவே உள்ள பத்துப் புள்ளிப் பொட்டின் விட்டம் அரை மில்லிமீற்றர் மட்டுமே. அது குண்டூசியின் தலையிலும் சிறியது. அதனைப் பத்து மீற்றர் தொலைவில் நின்றபடி, எதிலும் சாயாமல், கையில் ஏந்திய துப்பாக்கியால் தொட வேண்டும். இத்தகைய நுட்பமான வேலையில் இதயத்தின் துடிப்பே ஓர் இடையூறாகிவிடும். ஒவ்வொரு துடிப்பும் துப்பாக்கியின் முனையைச் சற்றே அசைக்கின்றது. வீரர்கள் அணியும் தடித்த, விறைப்பான மேலங்கி உடலைத் தாங்குவதோடு இந்த அசைவைக் குறைப்பதற்கும் உதவுகின்றது.

பதகளிப்பு ஏற்படும்போது உடலில் அட்ரினலின் என்னும் சுரப்பு பெருகுகின்றது. இதயம் விரைந்து துடிக்கின்றது, வாய் வரள்கின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது, விரல்கள் நடுங்குகின்றன. புலியைக் கண்டு ஓடுவதற்கு இவை பேருதவி புரிவன. ஓட்டப் போட்டியில் ஓடுபவருக்கும் ஓரளவு கைகொடுப்பன. அசையாது நிற்க வேண்டியவருக்கோ இவை யாவும் பகையாகின்றன. ஆகவேதான் ஏனைய விளையாட்டுகளில் உடல் வலிமை பெறும் இடத்தை இவ்விளையாட்டில் உள்ளத்தின் அமைதி பெறுகின்றது.

இவ்வீரர்கள் பெறும் பயிற்சியை உற்று நோக்கினால் அது ஏறக்குறைய ஒரு யோக சாதனை போலவே அமைந்திருப்பதைக் காணலாம். துப்பாக்கியின் பாரத்தைத் தசையால் இறுக்கிப் பிடிக்கக் கூடாது என்பது முதற் பாடம். தசை களைக்கும், களைத்த தசை நடுங்கும். ஆகையால் பாரம் எலும்பின் வழியே இறங்கி நிலத்தைச் சேருமாறு நிற்கப் பழகுகின்றார்கள். அடுத்து, குறி பார்த்தபின் கண்ணை மூடி, உடலைத் தளர்த்தி, மீண்டும் கண்ணைத் திறந்து பார்க்கின்றார்கள். துப்பாக்கி குறியினின்றும் விலகியிருந்தால் கையால் அதனை இழுத்துத் திருத்துவதில்லை. பாதத்தைச் சற்று நகர்த்தி, நிற்கும் நிலையையே மாற்றுகின்றார்கள். வலிந்து திருத்திய குறி, விசையை அழுத்தும் கணத்தில் மீண்டும் விலகிவிடும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவார்கள்.

மூன்றாவது பாடம் மூச்சு. மூச்சை வெளியே விட்டபின், அடுத்த மூச்சை உள்ளே இழுக்கும் முன்னர், இயல்பாகவே ஒரு சிறு ஓய்வு உண்டு. அந்த ஓய்வைச் சில விநாடிகள் நீட்டி, அதற்குள் விசையை மெல்ல அழுத்துகின்றார்கள். மூச்சை அதற்கு மேலும் அடக்கி வைத்தால் பார்வை மங்கத் தொடங்கும். கை நடுங்கத் தொடங்கும். அப்போது நல்ல வீரர் என்ன செய்வார்? சுடமாட்டார். துப்பாக்கியைத் தாழ்த்தி, மூச்சு விட்டு, முதலிலிருந்து தொடங்குவார். இத்தனை நேரம் குறி பார்த்துவிட்டோமே, சுட்டுவிடுவோம் என்ற அவசரமே பலரது தோல்விக்குக் காரணமாகின்றது. கோபத்தில் சொல்ல வாயெடுத்த சொல்லை விழுங்கிக்கொள்வதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டுமோ, அவ்வளவு மனவுறுதி இதற்கும் வேண்டும். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலே அட்டாங்க யோகத்தை விளக்குமிடத்துப் பிராணாயாமத்துக்கு இடமளித்தமையின் அருமை இங்கே புலப்படும்.

விலைக்கு வாங்கிய அமைதி

இவ்வளவு பாடுபட்டுப் பெறும் அமைதியை ஒரு குளிசையால் பெற்றால் என்ன என்று கேட்பவர் உண்டு. இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் வைத்தியர்கள் கொடுக்கும் பீற்றா தடுப்பு மருந்துகள் இதயத் துடிப்பைக் குறைத்துக் கை நடுக்கத்தைத் தணிப்பன. நோயாளிக்கு அவை மருந்து. துப்பாக்கி சுடும் வீரருக்கும் வில் வீரருக்குமோ அவை தடைசெய்யப்பட்டவை. 2008 ஆம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கமும் வெண்கலப் பதக்கமும் வென்ற வடகொரிய வீரர் கிம் ஜொங் சு, புரொப்பிரனலோல் என்னும் அத்தகைய மருந்தை உட்கொண்டமை பரிசோதனையில் தெரியவந்ததால் இரண்டு பதக்கங்களையும் இழந்தார்.

ஓட்டப் போட்டியில் காலுக்கு வலுவூட்டும் மருந்து தடுக்கப்படுவது எவருக்கும் எளிதில் விளங்கும். மனத்தைச் சாந்தப்படுத்தும் மருந்து ஏன் தடுக்கப்பட வேண்டும்? இவ்விளையாட்டில் அளக்கப்படுவதே அந்தச் சாந்தம்தான் என்பதே விடை. கையின் நடுக்கம் நின்றுவிட்டது என்பதற்காக உள்ளம் அடங்கிவிட்டது என்று கூறிவிட முடியாது. நோயுற்றவர் மருந்து உண்பதில் குறை ஏதும் இல்லை. அது அவர் செய்ய வேண்டிய காரியம். உழைத்துப் பெற வேண்டிய ஒன்றைக் களவாகப் பெறுவதே குறை.

ஒரே வில்லாளி, இரண்டு நிலைகள்

குறி பார்த்தலையும் மன அமைதியையும் இணைத்துச் சிந்திக்கும்போது அருச்சுனன் நினைவுக்கு வருவது இயல்பே. துரோணர் மரத்திலே ஒரு பறவைப் பதுமையை வைத்து, என்ன தெரிகின்றது என்று சீடர்களை வினவினார். தருமன் மரமும் தெரிகின்றது, பறவையும் தெரிகின்றது, அருகில் நிற்பவர்களும் தெரிகின்றனர் என்றான். அருச்சுனனோ தனக்குக் குறி ஒன்றே தெரிகின்றது என்றான். அவன் விட்ட அம்பு தவறவில்லை. இக்கதையை அறநெறிப் பாடசாலைச் சிறுவரும் அறிவர்.

ஆயினும் அதே அருச்சுனன் குருக்ஷேத்திரத்தில் நின்றபோது நிகழ்ந்ததை இதனோடு சேர்த்து நினைப்பவர் குறைவு. அங்கே அவனது உடல் நடுங்கியது, வாய் உலர்ந்தது, காண்டீபம் கையை விட்டு நழுவியது, நிற்கவும் இயலாமல் மனம் சுழன்றது. பகவத்கீதையின் முதலாம் அத்தியாயம் கூறும் இந்த அடையாளங்களை, இன்றைய வைத்தியர் ஒருவர் பதகளிப்பின் அறிகுறிகள் என்று எழுதித் தரக்கூடும். வில்லும் அதுவே, கையும் அதுவே, கற்ற வித்தையும் அதுவே. ஆசிரியர் முன் நின்றபோது அவன் கண்ணுக்குக் குறி மட்டும் தெரிந்தது. போர்க்களத்தில் பாட்டனாரும் ஆசானும் உற்றாரும் தெரிந்தனர். அவர்கள் மாண்டபின் வரப்போகும் நாட்கள் தெரிந்தன.

அருச்சுனனின் நடுக்கம் தோல்விக்கு அஞ்சிய நடுக்கம் அன்று. அது பாசத்தாலும் இரக்கத்தாலும் விளைந்தது. விளையாட்டு வீரரின் பதகளிப்போடு அதனைச் சமமாக்குதல் பொருந்தாது. எனினும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் மனம், செய்கின்ற செயலை விட்டு விலகி, அச்செயலால் வரப்போவதில் போய் நிற்கின்றது. கடமையைச் செய்வதில் கருத்தை வை, பலனிலே பற்று வையாதே என்னும் பொருள்பட அமைந்த கண்ணனின் உபதேசம், கை நடுங்கி நின்ற ஒரு வில்லாளிக்குக் கூறப்பட்டது என்பதை மறத்தலாகாது.

அமைதியும் ஒரு பலனே

இவ்வுண்மையின் நுட்பமான ஒரு பக்கத்தை அமெரிக்க வீரர் மத்தியூ எமன்ஸின் வரலாறு எடுத்துக்காட்டுகின்றது. 2004 ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஒரு தங்கப் பதக்கத்தை ஏற்கனவே வென்றிருந்த அவர், ஐம்பது மீற்றர் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சூட்டுக்கு வந்தபோது மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். சாதாரணமான ஒரு சூடே போதுமாயிருந்தது. அவர் சுட்டார்; குண்டு இலக்கையும் தொட்டது. ஆனால் அது அவருடைய இலக்கு அன்று. பக்கத்துப் பாதைக்குரிய இலக்கு. கிடைத்தது பூச்சியம். முதலாம் இடத்திலிருந்து எட்டாம் இடத்துக்கு வீழ்ந்தார். தங்கம் சீன வீரர் ஜியா ஷான்போவுக்குச் சென்றது.

காரணத்தை எமன்ஸ் பின்னர் ஒளிவுமறைவின்றிக் கூறினார். வழக்கமாகத் தமது இலக்கின் மேலுள்ள இலக்கத்தை முதலில் பார்த்துவிட்டே துப்பாக்கியைக் குறிக்கு இறக்குவார். அன்று தம்மை அமைதிப்படுத்திக்கொள்வதிலேயே கவனமாக இருந்ததால் இலக்கத்தைப் பார்க்கத் தவறிவிட்டார். இது ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய இடம். அவர் அவசரப்படவில்லை, அலட்சியமாகவும் இருக்கவில்லை. அமைதியை நாடினார். அந்த நாட்டமே கண்ணெதிரே இருந்த சிறிய கடமையை மறைத்துவிட்டது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? பதக்கம் எவ்வாறு ஒரு பலனோ, அவ்வாறே மன அமைதியும் ஒரு பலன்தான். "பயப்படாதே, பயப்படாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்பவன் பயத்தையே நினைத்துக்கொண்டிருக்கின்றான். "அமைதியாக இருக்க வேண்டும்" என்று போராடுபவன் அப்போராட்டத்தினாலேயே அமைதியை இழக்கின்றான். நித்திரையை வலிந்து வரவழைக்க முயல்பவனுக்கு நித்திரை வருவதில்லை அல்லவா? இலக்கத்தைப் பார்த்தல், பாதத்தைச் சரிசெய்தல், மூச்சை விடுதல், விசையை மெல்ல அழுத்துதல் என அடுத்தடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டு போனால், அமைதி தானாக வந்து சேரும். அது வராவிட்டாலும் நடுங்கும் கையோடேயே செயலைச் செய்துவிடலாம்.

பற்றின்மையும் அக்கறையின்மையும்

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். வெற்றியில் பற்று வைக்கக் கூடாது என்றால், அதிகாலையில் எழுந்து பல ஆண்டுகள் பயிற்சி செய்வது எதற்காக? ஆசையே இல்லாதவன் முயல்வானா? பலனைக் கருதாதே என்று பிள்ளைக்குச் சொன்னால், அது படிக்காமல் இருப்பதற்கு நல்லதொரு சாட்டு ஆகிவிடாதா?

இது நியாயமான கேள்வியே. பற்றின்மையையும் அக்கறையின்மையையும் ஒன்றென மயங்குவதால் இது எழுகின்றது. அக்கறையில்லாதவன் செயலையும் விடுகின்றான், பலனையும் விடுகின்றான். பற்றில்லாதவனோ செயலை இறுகப் பிடித்துப் பலனை மட்டும் விடுகின்றான். செயலைத் திறம்படச் செய்வதையே யோகமாகக் கூறும் நூலும் கீதையே. விதைப்பவன் விளைச்சலை எண்ணியே விதைக்கின்றான், அதில் தவறில்லை. ஆனால் விதைத்த விதையை நாள்தோறும் கிளறி முளைத்துவிட்டதா என்று பார்ப்பவனுக்குப் பயிர் கிடைப்பதில்லை.

இந்திய வீரர் அபினவ் பிந்த்ராவின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். 2004 இல் ஏதென்ஸில் இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகியும் அவர் ஏழாம் இடத்தையே பெற்றார். அதன்பின் நான்காண்டுகள் இடையறாது உழைத்தார். அச்சத்தோடு பழகுவதற்காக, பீஜிங் செல்லும் முன்னர் ஜேர்மனியில் ஏறத்தாழ நாற்பது அடி உயரமான கம்பம் ஒன்றில் ஏறினார். பாதி வழியில் உடல் நடுங்கியபோதும் உச்சியை அடைந்தே இறங்கினார். நடுங்கிக்கொண்டே ஏறலாம் என்பதே அங்கு அவர் கற்ற பாடம் எனலாம்.

2008 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11 ஆந் திகதி, இறுதிச் சுற்றுக்கு முன்னரான பரீட்சார்த்தச் சூட்டில் குண்டு குறியை விட்டு வெகுவாக விலகியது. துப்பாக்கியின் பார்வைக் கருவி மாறியிருந்தது. யார் செய்தார், எப்படி நடந்தது என்று ஆராய்வதற்கு அது நேரமன்று. அவர் கருவியைத் திருத்திக்கொண்டு போட்டியைத் தொடர்ந்தார். கடைசிச் சூட்டுக்கு முன்னர் அவரும் பின்லாந்து வீரர் ஹென்றி ஹக்கினனும் சமநிலையில் நின்றனர். ஹக்கினன் 9.7 புள்ளி பெற்றார். பிந்த்ரா 10.8 புள்ளி பெற்றார். ஒலிம்பிக் வரலாற்றில் இந்தியாவுக்குக் கிடைத்த முதலாவது தனிநபர் தங்கப் பதக்கம் அது.

கதை இத்துடன் முடியவில்லை. தமது வாழ்வின் மிகப் பெரிய நெருக்கடி தோல்வியினால் வரவில்லை, அந்த வெற்றிக்குப் பின்னரே வந்தது என்று பிந்த்ரா பின்னாளில் வெளிப்படையாகக் கூறியிருக்கின்றார். பல்லாண்டு காலம் ஒன்றையே நாடிய மனம், அது கிடைத்தபின் நாடுவதற்கு ஏதுமின்றி வெறுமையுற்றது. பலன் மனிதனை நிறைக்கும் என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு, அப்பலனைப் பெற்றவரின் வாக்கை விட வேறு சான்று வேண்டியதில்லை.

எமன்ஸின் கதைக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. 2008 இல் பீஜிங்கில், அதே போட்டியில், மீண்டும் இறுதிச் சூட்டுக்கு முன்னர் அவரே முன்னிலையில் இருந்தார். குறிக்குத் துப்பாக்கியை இறக்கி வரும்போதே விரல் விசையில் பட்டு, கிடைத்தது 4.4 புள்ளி மட்டும். நான்காம் இடம். 2010 இல் தைரொயிட் புற்றுநோய் அவரைத் தாக்கியது. அதற்குச் சிகிச்சை பெற்று மீண்டு, 2012 இல் இலண்டனில் மறுபடியும் அதே போட்டியில் நின்றார். அங்கும் கடைசிச் சூடு சறுக்கியது. எனினும் வெண்கலப் பதக்கம் கிடைத்தது. இருமுறை உலகமே பார்த்திருக்க வீழ்ந்த இடத்துக்கு மூன்றாம் முறையும் துணிந்து வந்து நின்ற அந்த நெஞ்சத்தை எந்த இலக்கினால் அளக்க முடியும்? ஏதென்ஸில் தோற்ற அன்று அவருக்கு ஆறுதல் கூற வந்தவர்களுள் செக் நாட்டு வீராங்கனை கட்டரீனா குர்கோவாவும் ஒருவர். 2007 இல் அவர்கள் இருவரும் மணம் புரிந்தனர். தவறிய குண்டு வாழ்க்கையில் எங்கே போய்ச் சேரும் என்பதை எவரே அறிவார்!

பிள்ளைகளும் பெற்றோரும்

2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், பத்தொன்பது வயதான இந்திய வீராங்கனை மனு பாக்கரின் கைத்துப்பாக்கி போட்டியின் நடுவே பழுதடைந்தது. பெறுமதியான நிமிடங்கள் வீணாகி, அவர் இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகவில்லை. மூன்றாண்டுகளின் பின்னர், 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில், அதே போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. இறுதி நேரத்தில் மனத்தில் இருந்தது என்ன என்று வினவியபோது, தாம் கீதையை வாசிப்பதுண்டு என்றும், செய்ய வேண்டியதைச் செய்து முடிவை அதன் போக்கில் விட்டுவிடுவதையே நினைத்ததாகவும் பதிலளித்தார். கீதையைப் படித்தால் பதக்கம் கிடைக்கும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அப்படிக் கொண்டால் கீதையும் ஒரு குளிசையாகிவிடும். சில நாட்களின் பின்னர் மற்றொரு போட்டியில் அவர் நான்காம் இடத்தையே பெற்றார். கீதை மாறவில்லை, பலன் மாறியது. வென்ற நாளுக்கும் வெல்லாத நாளுக்கும் பொதுவாக நிற்பதே நெறி எனப்படும்.

புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகும் பத்து வயதுப் பிள்ளையை வாசலில் நிறுத்தி, "நீ சித்தியடையாவிட்டால் எங்களுக்குத் தலைகுனிவு" என்று சொல்லும் பெற்றோர், துரோணர் முன் நின்ற பிள்ளையைக் குருக்ஷேத்திரத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றனர். குறியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு உற்றாரையும் ஊராரையும் காட்டிவிடுகின்றனர். அதன்பின் கை நடுங்கினால் அது பிள்ளையின் குற்றமா? அதற்கு மாறாக, "கேள்வியை இரண்டு தரம் வாசி, தெரிந்ததை முதலில் எழுது, வந்து சாப்பிடு" என்று சொல்லி அனுப்பும் தாய், எந்தச் சாத்திரமும் கற்காமலே கீதையின் சாரத்தைச் சொல்லிவிடுகின்றாள். செய்ய வேண்டியதை அவள் காட்டினாள். வென்றாலும் தோற்றாலும் வீட்டில் சோறு உண்டு என்பதையும் சொல்லாமல் சொன்னாள்.

பரீட்சைக்கு முன்னர் ஆலயத்துக்கு வந்து அருச்சனை செய்வதும் நேர்த்தி வைப்பதும் வழக்கம். அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் சந்நிதியில் நின்று கேட்கத்தக்க வரங்கள் இரண்டு உண்டு. ஒன்று, வெற்றியைத் தா என்பது. மற்றையது, எது வந்தாலும் செய்ய வேண்டியதைச் செய்யும் உள்ளத்தைத் தா என்பது. முதலாவது வரம் கிடைத்தாலும் ஒருநாள் தீர்ந்துவிடும் என்பதைப் பிந்த்ராவின் அனுபவம் காட்டுகின்றது. இரண்டாவது வரமோ தோல்வியிலும் தீராது என்பதை எமன்ஸின் வாழ்வு காட்டுகின்றது.

விசையை அழுத்தும் வரையுமே குண்டு சுடுபவருடையது. அழுத்திய பின்னர் அது அவருடையதன்று. அந்த எல்லையை அறிந்தவருக்கு, அழுத்தும் வரை ஒரு கணமும் சோர்வில்லை. அழுத்திய பின் ஒரு கணமும் கலக்கமில்லை. குறி தவறலாம். நெறி தவறாதிருத்தல் மனிதனின் கையில் உள்ளது.